ஒரு தேதி, ஒரு விற்பனை: ரிசப்ஷனுக்கு டிஜே போகத் தொடங்குகிறவருக்கு

கன்ட்ரோலர் (லேப்டாப்போடு இணைத்துப் பாட்டைக் கலக்கும் டிஜே கருவி) வாங்குவதற்கு முன்னால், முகூர்த்த நாள் போட்ட தினசரி காலண்டர் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கல்யாண டிஜேயின் வரவு செலவு அங்கேதான் தொடங்குகிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியைப் பல குடும்பங்கள் தவிர்க்கும். மற்ற மாதங்களிலும் செவ்வாய், சனியில் முகூர்த்தம் அபூர்வம். வளர்பிறை முகூர்த்தம் ஒன்று ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் ஊரில் உள்ள மண்டபமெல்லாம் நிரம்பும். உங்களை ஐந்து பேர் கூப்பிடுவார்கள், போக முடிவது ஓர் இடத்துக்குத்தான். அடுத்த பத்து நாள் போன் அடிக்காமலும் இருக்கும். ஒரு தேதியை ஒரு தடவைதான் விற்க முடியும். விலை, முன்பணம், தேதி தள்ளிப் போனால் என்ன செய்வது என்பதையெல்லாம் இதை மனதில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

கிறிஸ்தவ, இஸ்லாமியத் திருமணங்களுக்கு நாள்காட்டி வேறு. ஆடியில் சர்ச் கல்யாணம் உண்டு, தவக்காலத்தில் இருக்காது. ரம்ஜான் நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீட்டு விசேஷங்கள் நின்றிருக்கும். மார்கழிப் பள்ளத்தை டிசம்பர் 31 இரவும் கம்பெனிகளின் ஆண்டு விழாக்களும் கொஞ்சம் நிரப்பும். எல்லா வகைக் குடும்பங்களிலும் பெயர் இருக்கிற டிஜேக்குத்தான் வருடம் முழுக்க வேலை.

விலை போடுவது

புதியவர்கள் வழக்கமாகச் செய்வது, பக்கத்து ஊர் டிஜே எவ்வளவு வாங்குகிறார் என்று விசாரித்து அதில் இரண்டாயிரம் குறைத்துச் சொல்வது. அவருக்குச் சவுண்டு செட் சொந்தமா வாடகையா, மண்டபத்துக்குக் கமிஷன் தருகிறாரா என்பதெல்லாம் தெரியாமல் அவர் விலையைப் பிடித்துக்கொண்டு பயனில்லை. உங்கள் செலவைக் கூட்டிப் பாருங்கள்.

மாதிரிக்கு ஒரு கணக்கு. லேப்டாப், கன்ட்ரோலர், ஹெட்போன், கேபிள் எல்லாம் சேர்த்து முதலீடு 1,10,000 ரூபாய் என்று வைப்போம். மூன்று வருடம் உழைக்கும், வருடத்துக்கு 40 நிகழ்ச்சி என்றால் 120 நிகழ்ச்சி, ஒன்றுக்குத் தேய்மானம் சுமார் 920. ஆபரேட்டரோடு சவுண்டு செட் வாடகை 9,000. குட்டி யானை போக வர 2,500. ஹெல்பர் கூலி 1,200. சாப்பாடு, டீ, பேட்டா 500. பாட்டு வாங்குவதும் மென்பொருள் சந்தாவும் ஒரு நிகழ்ச்சிக்கு 400. கூட்டினால் 14,520. இதுவரை உங்கள் கைக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. பாட்டுப் பட்டியல் தயாரிக்க அரை நாள், மண்டபம் பார்க்க ஒரு மாலை, அன்று மூன்று மணியிலிருந்து நள்ளிரவு வரை என்று ஏறக்குறைய இரண்டு நாள் உழைப்பு. அதற்கு 6,000 வைத்தால் 20,520. தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் இதில் எந்தத் தலைப்பை விட்டாலும் அது உங்கள் கூலியிலிருந்துதான் போகும்.

ஈவென்ட் மேனேஜர் மூலமாக வந்த வேலை என்றால் கமிஷன் உண்டு. இங்கே ஒரு சின்னத் தப்பைப் பலரும் செய்கிறார்கள். 10 சதவீதம் கமிஷன் என்றதும் 20,520-க்கு 10 சதவீதம் கூட்டி 22,572 என்று சொல்வார்கள். அவர் பிடிப்பதோ 22,572-இல் 10 சதவீதம். கைக்கு வருவது 20,315 சொச்சம். சரியான வழி 20,520-ஐ 0.9-ஆல் வகுப்பது. 22,800 வரும், கமிஷன் 2,280 போக உங்கள் பணம் அப்படியே நிற்கும். இரு நூறு ரூபாய்தானே என்று தோன்றலாம். கமிஷன் 20 சதவீதம் ஆகும்போது இதே தப்பு எண்ணூறைத் தாண்டும்.

மணிக்கணக்கில் விலை சொல்லாதீர்கள். சொன்னால், "ரெண்டு மணி நேரம் போதும் தம்பி, பாதி வாங்கிக்கோ" என்ற பேச்சு கட்டாயம் வரும். இரண்டு மணி நேரம் வாசித்தாலும் நான்கு மணி நேரம் வாசித்தாலும் போவது ஒரு முழு முகூர்த்தத் தேதி. வண்டி வாடகையும் பாதியாகாது. மாலை முழுவதற்கும் ஒரே தொகை, அதைத் தாண்டினால் அரை மணிக்கு இவ்வளவு என்று மட்டும் பேசுங்கள்.

போன் வந்ததும்

"டிஜேக்கு எவ்வளவு?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். தொகையைச் சொல்வதற்கு முன்னால் நான்கு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேதி. "12-ஆம் தேதி கல்யாணம்" என்பார்கள். அது முகூர்த்தம். ரிசப்ஷன் முந்தின நாள் மாலையாக இருக்கலாம், அன்று மாலையாகவும் இருக்கலாம், மாப்பிள்ளை ஊரில் இரண்டு நாள் கழித்தும் இருக்கலாம். 12-ஆம் தேதியைக் குறித்து வைத்துவிட்டு 11-ஆம் தேதியை வேறொருவருக்குக் கொடுத்தால் சிக்கல் கடைசி வாரத்தில்தான் வெளியே வரும். "ரிசப்ஷன் என்ன கிழமை, எத்தனை மணிக்கு?" என்று கிழமையோடு கேளுங்கள். பத்திரிகை அடித்ததும் அதன் படத்தை வாங்கி ஒரு முறை சரிபாருங்கள்.

மண்டபம். சில மண்டபங்களில் சவுண்டு, லைட், அலங்காரம் எல்லாம் அவர்கள் ஆட்கள்தான். வெளியாள் வந்தால் தனிக் கட்டணம் கேட்பார்கள், ராயல்டி என்று சொல்வதும் உண்டு. இதை விலை பேசியபின் தெரிந்துகொண்டால் உங்கள் கூலி போச்சு.

ஆட்கள் எத்தனை, இடம் மூடியதா திறந்ததா. முந்நூறு பேர் ஏசி ஹால் என்றால் 15 இன்ச் டாப் (மேல் ஸ்பீக்கர்) இரண்டு, 18 இன்ச் சப் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) இரண்டு போதும். அதே கூட்டம் புல்வெளியில் என்றால் போதாது, பேஸ் எழும்பச் சுவர் கிடையாது. சவுண்டு வாடகை இரட்டிப்பாகலாம்.

நான்காவது, கூப்பிட்டவர் யார், பணம் கொடுப்பவர் யார். பெரும்பாலும் போன் செய்வது மாப்பிள்ளையின் நண்பர், பணம் அப்பாவிடம், அன்று மாலை கவர் இருப்பது ஏதாவது சித்தப்பாவின் சட்டைப் பையில். இந்த மூன்று பேரின் எண்ணும் உங்களிடம் இருக்க வேண்டும். ஒலியைக் கூட்டு, குறை என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். அன்று மாலை அது எவ்வளவு உதவும் என்பது கீழே வரும்.

எழுத்தில் வாங்குவது

முத்திரைத்தாள் ஒப்பந்தத்தை நீட்டினால் கல்யாண வீட்டார் மிரண்டுவிடுவார்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும், ஆனால் எல்லாம் அந்த ஒரே செய்தியில் இருக்க வேண்டும். இப்படி அனுப்பலாம்:

"வணக்கம் சார். 11-ஆம் தேதி ஞாயிறு மாலை ரிசப்ஷன். நாங்கள் 3 மணிக்கு வருவோம், 5.30-க்குச் சவுண்டு செக், 6.30 முதல் 10 வரை இசை. டிஜே, இரண்டு டாப், இரண்டு சப், ஒரு வயர்லெஸ் மைக் சேர்த்து மொத்தம் ரூ. 22,800. முன்பணம் ரூ. 10,000 வந்ததும் தேதி உறுதி. மீதி ரூ. 12,800 அன்று மாலை 6 மணிக்குள். மேடைக்குப் பக்கத்தில் 15 ஆம்ப் பிளக் பாயின்ட் இரண்டு தேவை. காவல்துறை அனுமதியும் மண்டபம் கேட்கும் கட்டணமும் உங்கள் பொறுப்பு. கூடுதல் நேரம், மண்டபம் அனுமதித்தால் மட்டும், அரை மணிக்கு ரூ. 2,000. பாட்டுப் பட்டியல் ஐந்து நாள் முன்னதாக வேண்டும். சாதிப் பாட்டு, கட்சிப் பாட்டு போடுவதில்லை. நீங்கள் ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது. துக்க காரணத்தால் தேதி தள்ளினால், ஆறு மாதத்துக்குள் நாங்கள் காலியாக இருக்கும் வேறொரு தேதிக்கு முழு முன்பணமும் கழியும். சரி என்றால் 'சரி' என்று பதில் போடுங்கள்."

இதில் முன்பணம் ஏன் 10,000? சவுண்டு வாடகை 9,000. கடைசி வாரத்தில் ரத்தானால் சவுண்டு சர்வீஸ்காரர் அவருடைய தேதியும் போச்சு என்று பணம் கேட்பார், அது நியாயமும்கூட. உங்கள் முன்பணம் குறைந்தபட்சம் அதையாவது ஈடுகட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய் டோக்கன் வாங்கிக்கொண்டு தேதியைப் பிடித்து வைப்பவர், மழை வந்தாலும் மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறினாலும் தன் கைக்காசைப் போடுகிறார்.

துக்கம் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். நெருங்கிய உறவில் சாவு விழுந்து ரிசப்ஷன் நின்று போவது நம் ஊரில் நடப்பதுதான். அந்த வீட்டில் போய்ப் பணத்தைப் பற்றி வாதாட முடியாது, வாதாடினால் அந்தச் சொந்தத்தில் இனி உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். நிபந்தனை முன்பே எழுத்தில் இருந்தால் இரண்டு பக்கமும் பேச்சே தேவைப்படாது.

"தேதியைப் பிடிச்சு வைங்க, அட்வான்ஸ் அப்புறம் போடுறோம்" என்பவருக்கு 48 மணி நேரம் கொடுங்கள். இடையில் வேறு அழைப்பு வந்தால் அவரை ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, பணம் வரவில்லை என்றால் மற்றவருக்குக் கொடுத்துவிடுங்கள். இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. மண்டபக்காரர் முன்பணம் வாங்காமல் சாவியைக் கொடுப்பதில்லை.

சட்டம் சொல்வது

ஒலி மாசு விதிகள் 2000-இன்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் பயன்படுத்தக் கூடாது. மூடிய ஹாலுக்குள் மட்டும் ஒலிப்பதற்கு விலக்கு உண்டு. ஆனால் கதவு திறந்தபடி பேஸ் தெருவுக்குப் போனால் அந்த விலக்கைச் சொல்லித் தப்பிக்க முடியாது. குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. பக்கத்தில் மருத்துவமனை இருக்கும் மண்டபம் என்றால் சப்பைக் குறைத்தே ஆக வேண்டும், அதை வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். புகார் வந்து காவலர் வரும்போது முதலில் கை வைப்பது உங்கள் ஆம்பிளிஃபயரில்தான்.

பாட்டு உரிமத்தில் குழப்பம் அதிகம். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(za)-க்கு உரிய விளக்கம், திருமண ஊர்வலத்தையும் திருமணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களையும் மதச் சடங்கோடு சேர்த்தே பார்க்கிறது. அவற்றில் பாட்டுப் போடுவது மீறல் ஆகாது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதைப் பொது அறிவிப்பாக வெளியிட்டது. புத்தாண்டு இரவு, கம்பெனி விழா, ஓட்டல் பார்ட்டி இந்த விலக்குக்குள் வராது. ஒலிப்பதிவுக்குப் பிபிஎல், பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்கும் ஐபிஆர்எஸ் என்ற அமைப்புகளிடம் தனித்தனியாக உரிமம் வாங்க வேண்டியிருக்கும். அது நிகழ்ச்சி நடத்துபவர் வேலை என்று உங்கள் செய்தியில் ஒரு வரி சேருங்கள். சில ஓட்டல்கள் கல்யாணத்துக்கும் உரிமம் கேட்கின்றன. நீங்கள் நடுவில் நின்று சட்டம் பேச வேண்டாம், வீட்டாரும் ஓட்டலும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

மண்டபத்தைப் பார்த்து வருவது

அரை மணி நேர வேலை, அன்று மாலை பல தலைவலிகளை மிச்சப்படுத்தும். எந்த மாடி, லிஃப்டில் சப் நுழையுமா, வண்டி எங்கே நிற்கும் என்று பாருங்கள். 18 இன்ச் சப்பை இரண்டு மாடி தூக்க ஒரு ஹெல்பர் போதாது.

அதைவிட முக்கியம் மின்சாரம். 15 ஆம்ப் பாயின்ட் ஒன்றில் 230 வோல்ட்டுக்கு அதிகபட்சம் 3,450 வாட்தான். மேடைக்குப் பக்கத்துப் பாயின்டை அலங்காரக்காரர், வீடியோ லைட்காரர், எல்இடி திரைக்காரர் மூவரும் உங்களுக்கு முன்னால் வந்து பிடித்திருப்பார்கள். டிம்மர் லைட் ஓடும் அதே இணைப்பில் ஆம்பிளிஃபயரும் ஓடினால் ஸ்பீக்கரில் ஊமென்று இரைச்சல் வரலாம். 20 மீட்டர் 15 ஆம்ப் எக்ஸ்டென்ஷன் ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்து, மண்டப எலக்ட்ரீஷியனிடம் வேறு மின் ஃபேஸில் பாயின்ட் கேளுங்கள். இரைச்சல் லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் நின்றால் காரணம் எர்த் லூப் (கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒரு சுற்றாகிவிடுவது). ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸை (ஒலிக் கேபிளின் நடுவே போடும் சின்னப் பெட்டி) போட்டால் தீரும். பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துச் சரிசெய்கிற பழக்கம் ஊரில் இருக்கிறது, அதை மட்டும் செய்யாதீர்கள். ஷாக் அடித்தால் அது மைக் பிடித்திருக்கும் மணப்பெண்ணுக்கு.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் லேப்டாப் பேட்டரியில் ஓடும், மிக்சர் அணைந்துவிடும். மிக்சருக்கும் கன்ட்ரோலருக்கும் 600 விஏ யுபிஎஸ் ஒன்று போதும். கரண்ட் போன கணமே மாஸ்டர் ஒலியை இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஆம்பிளிஃபயர் திரும்ப வரும்போது பாட்டு முழு வேகத்தில் கூட்டத்தின் காதில் விழும்.

மண்டபத்துச் சவுண்டிலேயே இணைக்க வேண்டும் என்றால் ஆர்சிஏ முதல் 6.35 மிமீ வரை, ஆர்சிஏ முதல் எக்ஸ்எல்ஆர் வரை இரண்டு ஜோடி கேபிள் கையில் இருக்கட்டும். ஆபரேட்டரிடம் மரியாதையாகப் பேசுங்கள். அந்த மாலை உங்கள் ஒலி அவர் விரலில் இருக்கிறது.

அன்றைய மாலை

பத்திரிகையில் 6.30 என்று இருக்கும். மணமக்கள் மேடை ஏறவே ஏழரை ஆகலாம். அதன்பின் பரிசு கொடுக்கிற வரிசை. வரிசை குறைந்து, பந்தி முடிந்து, நண்பர்கள் கூட்டம் மேடைக்கு முன்னால் சேரும்போது ஒன்பது. ஆட்டத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைசி 45 நிமிடம்தான். மூன்றரை மணி நேரத்துக்கும் ஒரே வேகத்தில் பட்டியல் போட்டு வருகிறவர், ஏழு மணிக்கே குத்துப் பாட்டைத் தீர்த்துவிட்டு ஒன்பதுக்குத் திணறுவார். முதல் இரண்டு மணி நேரம் மெலடி, பக்கத்தில் நிற்பவர்கள் கத்தாமல் பேசிக்கொள்ளும் அளவு ஒலி. இந்த நேரத்தில்தான் பெரியவர்கள் உங்களை எடை போடுகிறார்கள். அடுத்த கல்யாணம் வைக்கப் போகிறவரும் அவர்களில்தான் இருக்கிறார்.

மீதிப் பணத்தை மணமக்கள் நுழைவுக்கு முன்னால் வாங்கிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் கேட்டால் அப்பா மண்டபக் கணக்கில், சமையல் கணக்கில் மூழ்கியிருப்பார். "காலையில முகூர்த்தம், நாளைக்கு அனுப்பிடறேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, மறந்துவிடுவார். "சவுண்டு செக் முடிஞ்சுது சித்தப்பா, பாக்கியை இப்பவே முடிச்சிட்டா ராத்திரி உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நுழைவுப் பாட்டின் எந்தப் பதிப்பு, எந்த விநாடியிலிருந்து என்பதை மணப்பெண்ணிடமே கேட்டு, வெட்டித் தனிக் கோப்பாக வையுங்கள். வரிகளை ஒரு தடவை முழுக்கக் கேளுங்கள். மெட்டு இனிமையாக இருந்து, சரணம் பிரிவைப் பாடும் பாட்டுகள் நம்மிடம் நிறைய. ஸ்ட்ரீமிங்கை நம்பாதீர்கள், ஆயிரம் செல்போன் கூடிய ஹாலில் சிக்னல் தேறாது. எல்லாப் பாட்டும் லேப்டாப்பிலும் தனியாக ஒரு பென்டிரைவிலும் இருக்கட்டும். யூடியூபிலிருந்து இறக்கிய கோப்பு ஹெட்போனில் தப்பித்துவிடும், 18 இன்ச் சப்பில் காட்டிக்கொடுக்கும்.

ஒன்பது மணிக்கு மேல் மூன்று பேர் ஒலியைக் கூட்டச் சொல்வார்கள், இரண்டு பேர் குறைக்கச் சொல்வார்கள். முன்பே பெயர் வாங்கி வைத்தீர்களே, அவரைக் கைகாட்டுங்கள். குடித்திருக்கும் நண்பரிடம் மைக்கைத் தராதீர்கள், பேட்டரி போச்சு என்று சொல்லிவிடலாம். சாதிப் பெருமைப் பாட்டு கேட்டு வருபவரிடம் வாட்ஸ்அப் செய்தியைக் காட்டுங்கள். ஒரு பாட்டில் கைகலப்பானால் உடைவது உங்கள் கன்ட்ரோலர்.

ஏற்றும்போது கேபிளை எண்ணி ஏற்றுங்கள். அலங்காரக்காரரும் சவுண்டுக்காரரும் ஒரே நேரத்தில் பிரிக்கும் இடத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கால் முளைத்து நடக்கும். உங்களுடையதில் எல்லாம் ஒரே நிற டேப் சுற்றி வையுங்கள்.

கம்பெனி வேலையும் வரியும்

கம்பெனி நிகழ்ச்சியில் விலை பேசுவது எளிது, பணம் வருவது தாமதம். பில், பான் எண், வங்கி விவரம் கேட்பார்கள். டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்துத்தான் அனுப்புவார்கள். பிடித்தது வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இணையத்தில் இலவசம், தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். பதிவு எண்ணைப் பில்லில் போடுங்கள். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி பேசிக்கொண்ட கெடு எதுவானாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வட்டி உண்டு. கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது தெரியும். அந்த எண்ணைப் பார்த்தால் கோப்பு கொஞ்சம் வேகமாக நகரும்.

சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், விகிதம் 18 சதவீதம். கணக்கில் வருவது பில் தொகை, லாபம் அல்ல. மேலே சொன்ன 22,800 விலையில் 88-ஆவது நிகழ்ச்சியில் எல்லையைக் கடந்துவிடுவீர்கள், அதில் கணிசமான பங்கு சவுண்டு சர்வீஸ்காரருக்குப் போன பணமாக இருந்தாலும். எல்இடி திரை, லைட், புகை எல்லாவற்றையும் உங்கள் பெயரிலேயே பேக்கேஜாக விற்றால் இன்னும் சீக்கிரம். நிகழ்ச்சிகள் பெருகும்போது சவுண்டு பில்லை வீட்டார் நேரடியாகக் கட்டும்படி பிரித்துவிடலாம். கையாளும் பணம் குறையும், வரவும் எல்லைக்குள் நிற்கும்.

கடைசியாக ஓர் ஏற்பாடு, முதல் முன்பணம் வாங்கும் முன்னரே செய்ய வேண்டியது. காய்ச்சல் கல்யாணத் தேதி பார்த்து வருவதில்லை. உங்கள் மாவட்டத்தில், உங்கள் விலையை ஒட்டி வேலை செய்யும் இன்னொரு டிஜேயோடு பேசி வையுங்கள். ஒருவர் படுத்தால் மற்றவர் போவது, தேதி காலியாக இருந்தால் மறுக்காமல் போவது, வாசித்தவருக்குக் கூலி 6,000-மும் முழுதாக, வாடிக்கையாளர் முதலில் பேசியவருக்கே சொந்தம். முகூர்த்த நாளில் அவரும் வேலையில் இருப்பார் என்பதால் அப்படி இரண்டு மூன்று பேர் தேவை. பாட்டுப் பட்டியலையும் நுழைவுப் பாட்டுக் கோப்பையும் நிகழ்ச்சிக்கு முந்தின இரவே பென்டிரைவில் போட்டு ஹெல்பர் கையில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் மருத்துவமனையில் இருந்தாலும் அது மண்டபத்துக்குப் போய்ச் சேரும்.